கூரையுள்ள மதகு

கணபதி ஒரு மேசன். சண்டை முடிந்து சனம் திரும்பி வந்த பிறகு நாவற்சந்தியில் எழும்பிய கட்டடங்களில் பாதிக்கு மேல் அவருடைய கைபட்டவை. அவற்றில் எத்தனை பிரதேச சபையின் அனுமதியோடு கட்டப்பட்டவை என்று யாராவது கேட்டால், கொஞ்சம் யோசித்து, "ரெண்டு" என்பார். அதில் ஒன்று பிரதேச சபைக் கட்டடம்.

அப்படிப்பட்ட மனுசன் தன் வீட்டின் பின்பக்கத்தில் ஓர் அறையும் கக்கூசும் கட்டுவதற்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக்கொண்டு போய்ப் பிரதேச சபைக் கந்தோரில் கொடுத்தார் என்பது சந்தியில் கொஞ்ச நாள் கதையாக இருந்தது. சிலர் அவருக்கு ஏதோ சுகமில்லை என்று நினைத்தார்கள்.

சுகமில்லாமல் இருந்தது அவருடைய மனைவி அமராவதிக்கு. தை மாதம் ஒருநாள் காலையில், குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவர் கேத்திலோடு சரிந்து விழுந்தார். பாரிசவாதம். மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தபோது வலது கையும் காலும் அவர் சொல்வழி கேட்கவில்லை. பேச்சு வந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லாக, இடையில் நின்று நின்று வந்தது. முன்பெல்லாம் ஒரு சின்ன விசயத்தைச் சொல்லப் பின்னேரம் வரை எடுப்பவர், இப்போது மூன்று சொல்லில் முடித்தார். அந்த மூன்று சொல்லும் பெரும்பாலும் சரியாக இருந்தது கணபதிக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

கக்கூசு வளவின் பின்மூலையில் இருந்தது. வீட்டிலிருந்து அறுபத்திரண்டு எட்டு வைக்கவேண்டும். கணபதி அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய், அப்படியே கூட்டிக்கொண்டு வருவார். மல்லாவியில் கலியாணம் முடித்திருந்த மகள் பிரேமிளா சனி ஞாயிறில் வந்து பார்த்துக்கொள்வாள். மற்ற ஐந்து நாளும் கணபதி தூரத்து வேலைகளை விட்டுவிட்டு, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் மட்டும் கல் வைத்தார்.

அறையை வேறு பக்கத்தில் கட்ட வழியில்லை. வளவு ஒடுங்கல். முன்னால் றோட்டு, ஒரு பக்கம் கிணறு, மற்றப் பக்கம் அயல்வீட்டுத் தங்கராசாவின் வேலி. மிச்சம் இருந்தது வீட்டின் பின்பக்கம். அதற்குள்ளால் கான் போனது.

சந்தையிலும் மீன் கடைகளிலும் பஸ் நிலையத்துக் குளிப்பறைகளிலும் இருந்து வரும் கழிவுநீரைக் குளக்கட்டுக்கு இந்தப்பக்கம் இருக்கும் குழிகளுக்குக் கொண்டுபோகும் கொங்கிரீட் குழாய் அது. மூன்றரை அடி ஆழத்தில் புதைந்திருந்தது. கணபதி அதைக் கான் என்பார். மலைநாட்டில் பிறந்து பதினொரு வயதில் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர். இத்தனை வருசத்தில் அவருடைய 'ஆமா' வீட்டுக்கு வெளியே 'ஓம்' ஆகிவிட்டது. கான் மட்டும் மாறவில்லை. பிரதேச சபையில் அதற்கு வடிகால் என்று பெயர்.

படிவத்தின் பதினாலாம் கேள்வி, கட்டப்போகும் இடத்துக்குக் கீழே பொது வடிகால் ஏதும் உண்டா என்று கேட்டது. கணபதி, "உண்டு. நடுவால் போகுது" என்று எழுதியிருந்தார்.

கட்டட அனுமதிகளைப் பார்க்கும் எழுதுவினைஞர் வீரகத்தி அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தவர். யாரோடும் கோபிக்க மாட்டார்.

"கதிரையில இருங்கோ," என்றார். "வடிகால் எண்டு எழுதியிருக்கிறியள்."

"ஓம் ஐயா."

"எங்கட பதிவேட்டில உங்கட வளவுக்குள்ளால ஒண்டும் போகேல்லை."

"போகுது. நான்தான் மண்ணுக்குள்ள தாட்டனான்."

வீரகத்தி பதிவேட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினார். நாவற்சந்தியின் வடிகால்கள் பதினேழும் அதில் இருந்தன. சந்தைக்குப் பின்னாலிருந்து குளம் வரைக்கும் போகும் குழாய் இல்லை. அதைப் போட்டது ஒரு வெளிநாட்டு உதவித் திட்டம். வேலையை எடுத்த கொந்தறாத்துக்காரர் திறப்பு விழா முடிந்த அடுத்த மாதமே கம்பனியை மூடிவிட்டார். கையளிப்புக் கடிதமும் வரைபடமும் சபைக்கு வந்து சேரவேயில்லை. பதினொரு வருசமாகச் சந்தையின் கழிவுநீர் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. எங்கே என்று சபை கேட்கவில்லை. போகாமல் நின்றிருந்தால் கேட்டிருக்கும்.

"இப்ப பாருங்கோ," என்றார் வீரகத்தி. "இருக்கிற வடிகாலுக்கு மேல கட்ட அனுமதி குடுக்கேலாது. இல்லாத வடிகாலுக்கு மேல கட்டுறதுக்கு அனுமதி குடுக்கச் சட்டத்தில இடமில்லை. நீங்கள் ரெண்டுக்கும் நடுவில நிக்கிறியள்."

"அப்ப என்ன செய்ய?"

"அந்த ஒரு வரியை வெட்டி விடுங்கோ. அடுத்த கிழமை கடிதம் தாறன்."

பேனாவையும் நீட்டினார். கணபதி அதை வாங்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பி வந்துவிட்டார்.

யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அவர் அந்த வரியை வெட்டாததற்குக் காரணம் வேறு.

அந்தக் குழாய் போட்டபோது அவர் கொந்தறாத்துக்காரரிடம் கூலிக்கு நின்றார். தன் வளவுக்குள்ளால் கொண்டுபோகவும் அவரே சம்மதித்தார். ஒரு கடதாசியும் கேட்கவில்லை. கார்த்திகை மாதம், மழை. விடிந்தால் திறப்பு விழா. கடைசியாக மிஞ்சியிருந்த ஒரு குழாய் மூட்டு, தங்கராசாவின் வேலிக்கு நாலு அடி இந்தப்பக்கம், கணபதியின் சொந்த வளவுக்குள் இருந்தது. தோண்டிய கிடங்குக்குள் முழங்கால் அளவு தண்ணீர். குழைத்துப் பூசிய சீமெந்து கையிலிருந்து வழுகித் தண்ணீரோடு போனது. இன்னொருக்கால் பூசினார். அதுவும் போனது. மேலே குடையோடு நின்ற மேற்பார்வையாளர், "சுத்திக் கட்டிப்போட்டு மண்ணைப் போடு" என்றார். கணபதி சீமெந்துப் பையை மூட்டைச் சுற்றி வைத்து, பொலித்தீனால் கட்டி, மண்ணைப் போட்டார்.

ஒரு மேசன் தன் வாழ்நாளில் பூசிய எல்லா மூட்டையும் நினைவில் வைத்திருப்பதில்லை. பூசாத மூட்டு மறப்பதில்லை. பின்வளவுக்குப் போகும்போதெல்லாம் கணபதி அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போவார். இப்போது அதன் மேல் ஓர் அறையை ஏற்றிவிட்டால் பிறகு எந்தக் காலத்திலும் யாரும் அதைத் தோண்டப் போவதில்லை. படிவத்தில் உண்மையை எழுதினால் சபை வந்து தோண்டிப் பார்க்கும், பார்த்தால் திருத்தும், தான் வாய்திறக்கத் தேவையில்லை என்பதுதான் அவருடைய கணக்கு. சபை வரவில்லை.

அவர் கிழமைக்கு ஒருக்கால் கந்தோருக்குப் போனார். வீரகத்தி கிழமைக்கு ஒருக்கால் பேனாவை நீட்டினார். இருவருக்குள்ளும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஆறாவது கிழமை வீரகத்தி தேத்தண்ணி எடுப்பித்தார்.

"கட்ட வேணாம்னு சொல்றாங்களா?" என்று அமராவதி ஒருநாள் கேட்டார். அந்தக் கேள்வி வந்து முடிய நேரம் எடுத்தது.

"வேணாம்னு சொல்லல. கான் இல்லைங்கிறாங்க."

அமராவதி பின்யன்னல் பக்கம் பார்த்தார். வெயில் ஏறியிருந்தது. மீன் வாடை வந்துகொண்டிருந்தது.

"மூக்கு இல்லையா?" என்றார்.

சித்திரையில் கந்தோருக்குப் புதிதாக ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தார். ஜெயரூபி, இருபத்தெட்டு வயது, உருத்திரபுரத்தில் வயல் செய்யும் குடும்பம். தேங்கிக் கிடந்த விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் முதல் கிழமையிலேயே வாசித்து முடித்தார். முந்நூறுக்கு மேற்பட்ட படிவங்களில் பதினாலாம் கேள்விக்கு மறுமொழி எழுதியிருந்தது ஒன்றில் மட்டும்தான். அதை எழுதியவரைப் பார்க்க ஸ்கூட்டியில் வந்தார்.

"எங்கால போகுது, ஐயா?"

கணபதி ஒரு தடியை எடுத்து மண்ணில் கோடு கீறிக் காட்டினார். வேலியிலிருந்து வேலிவரை நேர்கோடு.

"இவ்வளவு வடிவா எப்பிடித் தெரியும்?"

"வேலை செய்தனான், மிஸ்."

ஜெயரூபி கோட்டைப் படம் எடுத்தார். மண்ணில் கீறிய கோட்டைப் பதிவேட்டில் ஏற்ற முடியாது, தண்ணீர் இந்த வழியால் போகிறது என்று காட்ட வேண்டும் என்றார். அதற்கு ஆய்வுகூடச் சாயம் ஒன்று இருக்கிறது, ஆனால் கேட்டு எழுதினால் வர ஆறு மாதம் செல்லும். ஆகவே சந்தையில் ஓலைப்பாய்க்குப் போடும் சிவப்புச் சாயத்தூளில் நாலு பக்கெற் வாங்கினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, மீன் கடைகளுக்குப் பின்னால் இருந்த மூடியைக் கிளப்பி, சாயத்தைக் கரைத்து ஊற்றி, மேலே பத்து வாளி தண்ணீரும் ஊற்றினார்கள். கணபதியும் ஜெயரூபியும் குளக்கட்டுப் பக்கத்துக் குழிக்கருகில் போய் நின்றார்கள். ஒன்றேகால் மணித்தியாலம் கழித்துக் குழிக்குள் விழுந்த தண்ணீர் மெல்லச் சிவந்தது.

"இருக்குது," என்றார் ஜெயரூபி.

"ஓம்," என்றார் கணபதி.

ஆனால் வந்த சாயம் ஜெயரூபிக்குப் போதவில்லை. நாலு பக்கெற்றுக்கு இது காணாது, மிச்சம் எங்கேயோ நிற்கிறது என்றார். கணபதி குளத்தில் நின்ற கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சம் எங்கே என்று அடுத்த நாள் விடிந்ததும் தெரிந்தது. தங்கராசா வேலிக்கு மேலால் கத்திக் கூப்பிட்டார். அவருடைய வேலியோரத்தில் ஒரு கதலி வாழைக்கூட்டம் நின்றது. அந்த வட்டாரத்தில் அதுபோல் குலை போடும் வாழை கிடையாது. ஆள் உயரக் குலைகள். அயலுக்கெல்லாம் கொடுப்பார், கோயிலுக்குக் கொடுப்பார், பிரதேச சபையின் வாணி விழாவுக்கு வருசா வருசம் அவருடைய குலைதான். பசளை என்ன என்று கேட்பவர்களிடம், "கைராசி" என்று மட்டும் சொல்வார். இப்போது வாழையடி மண் முழுக்கச் சிவப்பாகக் கசிந்து கிடந்தது.

"கணபதி, நீ எனக்கு என்னடாப்பா செய்து வைச்சனி?"

"நான் ஒண்டும் செய்யேல்லை, அண்ணை."

"செய்யாமலே மண் ரத்தமாக் கிடக்குது?"

தங்கராசாவுக்கு இது செய்வினை என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. அறை கட்டினால் தன் வளவுக்குக் காற்று வராது என்று போன மாதம் அவர் சபைக்கு ஓர் ஆட்சேபக் கடிதம் கொடுத்திருந்தார். அதற்குப் பழிவாங்கத்தான் இது என்று தீர்மானித்து, நேரே கந்தோருக்குப் போய் இரண்டாவது கடிதமும் கொடுத்தார். செய்வினைக்குப் படிவம் இல்லாததால் வீரகத்தி அதைப் 'பொதுத் தொல்லை' என்ற கோப்பில் போட்டு, ஜெயரூபியிடம் அனுப்பினார்.

ஜெயரூபி வந்து வாழையடியைப் பார்த்தார். குனிந்து முகர்ந்து பார்த்தார். வேலிக்கு இந்தப்பக்கம் வந்து, கணபதி முன்பு கீறிய கோடு இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு கணபதியைப் பார்த்தார்.

"ஐயா, இதில ஒரு மூட்டு இருக்குதோ?"

"ஓம்."

"அது சரியில்லையோ?"

கணபதி தோளில் கிடந்த துவாயை எடுத்து மடித்தார். "அதை நான்தான் பூசினனான். பூசினனான் எண்டு சொல்லேலாது. மழை. நிக்கேல்லை. சீமெந்துப் பையை வைச்சுக் கட்டி மண்ணைப் போட்டிட்டன்."

"பதினொரு வருசமா ஏன் சொல்லேல்லை?"

"ஆரும் கேக்கேல்லை, மிஸ்."

சொன்ன பிறகு அது எவ்வளவு மோசமான மறுமொழி என்று அவருக்கே விளங்கியது. "சொல்ல வெக்கமாக் கிடந்தது," என்றார்.

ஜெயரூபி எதையும் எழுதவில்லை. கிணறு எங்கே என்று மட்டும் கேட்டார்.

கிணறு அந்த மூட்டிலிருந்து முப்பத்தைந்து அடி. தண்ணீரைப் போத்தலில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். தங்கராசாவின் கிணறு முன்பக்கத்தில் இருந்ததால் தப்பியது. கணபதியின் கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஆகாது என்று இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. அதைக் கொண்டுவந்த சுகாதாரப் பரிசோதகரைக் கணபதி படலை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார்.

"ஐயா, வீட்டுக்காரிக்குப் பாரிசவாதம் வந்தது. இந்தத் தண்ணியாலயோ?"

"இல்லை. அது ரத்தப் பிறசரால வாறது. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. காய்ச்சிக் குடியுங்கோ, கானைத் திருத்துங்கோ."

கணபதி தலையாட்டினார். அடுத்த கிழமை சந்தையில் அதே ஆளைக் கண்டபோது திரும்பவும் கேட்டார். அவர் திரும்பவும் இல்லை என்றார். அதற்குப் பிறகும் கிளினிக்கில் ஒரு டொக்ரரிடம் கேட்டார். மூன்று தரம் இல்லை என்ற மறுமொழி வந்த பிறகு கேட்பதை நிறுத்தினார். நினைப்பதை நிறுத்தவில்லை.

அமராவதியிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னது அந்த நாட்களில்தான். மழை, குடையோடு நின்ற ஆள், பொலித்தீன், ஒன்றையும் விடவில்லை. அமராவதி கேட்டுக்கொண்டிருந்தார். முன்பென்றால் ஒரு முழு நாளைக்கு ஏசியிருப்பார்.

"இப்ப... ஒழுங்கா... பூசுங்க," என்றார்.

சபையிடம் திருத்துவதற்கு ஒதுக்கீடு இல்லை. அடுத்த வருச வரவு செலவில் போடலாம் என்றார்கள். கணபதி தானே பூசுவதாகச் சொன்னார். ஜெயரூபி சபை முற்றத்தில் கிடந்த கொங்கிரீட் வளையம் ஒன்றையும் இரண்டு தொழிலாளிகளையும் அனுப்பினார். ஆடி மாதம், மண் கல்லாக இறுகிய நேரம். சந்தைப் பக்கத்து மூடிக்குள் மண்மூட்டை அடுக்கித் தண்ணீரை மறித்துவிட்டுத் தோண்டினார்கள். மூட்டில் சீமெந்து இருந்த அடையாளமே இல்லை. பை உக்கிப்போயிருந்தது. பொலித்தீன் மட்டும் போட்டது போட்டபடி இருந்தது. அன்றைய வேலையில் கெடாமல் நின்றது அது ஒன்றுதான்.

கணபதி குழாயின் வாயை வயர்ப் பிரஷ்ஷால் தேய்த்தார். துடைத்தார். காயவிட்டார். வளையத்தை ஏற்றி, சீமெந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்து, கரண்டியால் அழுத்தி, சுற்றிவரப் பூசினார். அரை மணித்தியால வேலைக்கு ஒரு முழுக் காலை எடுத்தார். சபைத் தொழிலாளிகள் இரண்டு பேரும் நிழலில் இருந்து பார்த்தார்கள். முடிந்ததும் மண்ணைப் போட அவர் விடவில்லை. ஈரச்சாக்குப் போட்டு மூன்று நாள் வைத்திருந்தார். நாலாம் நாள் சாயம் கலந்து விட்டார்கள். தங்கராசா வாழையடியில் கதிரை போட்டுக் காவல் இருந்தார். மண் சிவக்கவில்லை.

தங்கராசா அதன் பிறகு செய்வினைக் கதையை விட்டுவிட்டார். ஆனால் பதினொரு வருசமாகப் பழம் கொடுத்த வீடுகளை மனதுக்குள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும், கொஞ்சக் காலம் கோயில் பக்கம் போகவில்லை. சுகாதாரப் பரிசோதகர் பழத்துக்கு ஒன்றும் செய்யாது என்று சொல்லியிருந்தார். வீரகத்தியிடம் விசயத்தைச் சொன்னபோது அவர் வாணி விழாக்களில் தான் தின்ற பழங்களை விரல்விட்டு எண்ணினார்.

"நல்ல பழம்," என்றார் கடைசியில்.

வடிகால் இப்போது பதிவேட்டில் பதினெட்டாம் இலக்கமாக ஏறியிருந்தது. அதனால் புதுச் சிக்கல் ஒன்று வந்தது. இருக்கிற வடிகாலுக்கு மேல் கட்டடம் கட்ட முடியாது என்ற விதி இப்போது கணபதிக்குப் பொருந்தியது.

"நான் அண்டைக்கே சொன்னனான், வரியை வெட்டுங்கோ எண்டு," என்றார் வீரகத்தி. குரலில் குத்தல் இல்லை. உண்மையான கவலை இருந்தது.

ஜெயரூபி விதிப்புத்தகத்தை ஒரு கிழமை வீட்டுக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து வீரகத்தியின் மேசையில் விரித்தார்.

"சேர், வடிகாலுக்கு மேல கட்டடம் கூடாது. ஆனா வடிகாலைக் கடக்கிற சின்னப் பாலமா மதகு கட்டலாம். ரெண்டு பக்கமும் அத்திவாரம், நடுவில தாங்குற வளை, குழாயில பாரம் இருக்கக்கூடாது. தேவைப்பட்டால் திறந்து பாக்கக்கூடிய மாதிரி மூடி இருக்கவேணும். அவ்வளவுதான் விதி."

"ஓம், மதகு."

"மதகில கூரை இருக்கக்கூடாது எண்டு எங்கயும் எழுதியில்லை."

வீரகத்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார். "சுவர்?"

"அதுவும் எழுதியில்லை."

முப்பத்தாறு வருசச் சேவையில் தான் செய்யாத ஒன்றை அன்று வீரகத்தி செய்தார். ஒரு கடிதத்தைத் தானே வசனம் வசனமாக யோசித்து எழுதினார். 'பதினெட்டாம் இலக்க வடிகாலைக் கடந்து, கூரையுடனும் நான்கு சுவர்களுடனும் கூடிய மதகு ஒன்றை, குடியிருப்புத் தேவைக்காக அமைப்பதற்கு' என்று அது தொடங்கியது. நிபந்தனைகள் நாலு. குழாய் போகும் கோட்டில் நிலத்தைப் பூசி மூடாமல் கைபிடி வைத்த கொங்கிரீட் பலகைகள் போடவேண்டும். அந்தப் பலகைகள் மேல் கட்டிலோ அலுமாரியோ வைக்கக்கூடாது. கக்கூசுக் குழாயை வடிகாலோடு பொருத்தாமல் பழைய குழிக்குக் கொண்டுபோக வேண்டும். வருசம் இரண்டு தரம் சபை வந்து பார்க்கும்.

கணபதி கடிதத்தை அமராவதிக்கு முழுதாக வாசித்துக் காட்டினார்.

"பாலத்துலயா... படுக்கணும்?"

"பாலத்துக்குப் பக்கத்துல. கட்டில் பாலத்து மேல வரக்கூடாதாம்."

அமராவதியின் வாய் ஒரு பக்கம் கோணியது. பாரிசவாதம் வந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல்தரம். பிரேமிளாவுக்கு உடனே போன் எடுத்துச் சொன்னார்கள்.

மழைக்கு முன் முடிக்கவேண்டும் என்று கணபதி வேறு வேலை எடுக்கவில்லை. குழாயிலிருந்து இரண்டு பக்கமும் மூன்றடி தள்ளி அத்திவாரம் வெட்டி, வளை போட்டு, சுவர் எழுப்பினார். ஜெயரூபி அளவுநாடாவோடு மூன்று தரம் வந்தார். மூன்றாந்தரம் வந்தபோது அளக்கவில்லை, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். வீரகத்தி ஓய்வுபெற்றுப் போகும் கிழமையில் வந்து, பலகைகளில் ஒன்றைக் கைபிடியில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். தூக்க முடியவில்லை. "பலமாத்தான் கிடக்குது," என்று சொல்லிக் கோப்பில் கையெழுத்து வைத்தார்.

ஐப்பசி நடுவில் அமராவதி அறைக்குக் குடிவந்தார். கட்டிலிலிருந்து கக்கூசுக்கு ஏழே எட்டு. சுவரோடு ஒரு கம்பிக் கைபிடி ஓடியது. முதல் நாள் காலை கணபதி வழக்கம்போல அவருடைய கக்கத்துக்குள் கையைக் கொடுத்தார். அமராவதி இடது கையால் அதைத் தள்ளிவிட்டார். கம்பியைப் பிடித்து எழும்பினார். ஒரு எட்டு வைத்தார், நின்றார், வலது காலை இழுத்து எடுத்தார், அடுத்த எட்டு வைத்தார். கணபதி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னால் போனார்.

ஏழு எட்டுக்கு நெடுநேரம் எடுத்தது. அமராவதி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

பத்து மாதத்துக்குப் பிறகு தனக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் கணபதி அறை நடுவில் நின்றார். வெளியே மழை தொடங்கியிருந்தது. காலுக்குக் கீழே, பலகைக்குக் கீழே, சந்தையின் தண்ணீர் ஓடும் சத்தம் மெல்லக் கேட்டது. சத்தம் சீராக இருந்தது. அவர் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு பொறுக்க முடியாமல் கதவுக்குக் கிட்டப் போனார்.

"முடிஞ்சுதா?"

"அங்கிட்டு... போங்க," என்றார் அமராவதி உள்ளே இருந்து.

கணபதி குசினிக்குப் போய்த் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினார்.